படகுச் சிவப்பு

மூன்றரை மணிக் கப்பலில் அந்தப் பழைய காரை ஸ்பிளிட் நகரத்துக்கு ஏற்றி, பழைய பெயிண்டைச் சுரண்டி எறிந்து புதிதாக அடித்துவிடுவதென்று ஆந்த்ரோ ஒற்றைக்காலில் நின்றான். அவன் அக்கா வின்கா ஒத்துக்கொள்ளவில்லை. கப்பல் கிளம்புவதற்குள் பழைய நிறத்தை மீட்டுக் காட்டினால் விட்டுவிடுகிறேன் என்று கடைசியில் இறங்கி வந்தான்.

அது அப்பாவின் ஃபிச்சோ, தீப்பெட்டி மாதிரிக் குட்டிக் கார். உப்புக்காற்றில் துருவேறத் தொடங்கியதும், மீன்பிடிப் படகுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பைப் பிரஷ்ஷாலேயே காருக்கும் பூசிவிட்டார் மனுஷர். மீனவனுக்கு வேறெப்படிப் புத்தி போகும்! "மழை பெஞ்சா மிதக்குமாய்யா?" என்று தீவிலிருந்த கொமிஷாத் துறைமுகமே கேட்டுச் சிரித்தது. பிறகு படகும் போனது, அப்பாவும் போனார். கார் மட்டும் வெயிலில் கிடந்து வெளிறி, தொட்டால் மாவு ஒட்டும் ரோஸ் நிறமாகிவிட்டது.

முந்தின நாளே எண்ணெய் தடவி ஊறவைத்திருந்தாள் வின்கா. இப்போது பாலிஷ் தொட்டுத் தேய்த்ததும் துணி செக்கச்செவேலென்று ஆனது.

"பாத்தியா, பெயிண்டே கழண்டு வருது!"

"வாய மூடுடா. செத்த தோலுதான் போகுது. நாப்பது வருஷமா படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவளுக்கே பாடம் சொல்றியா?"

"இந்தக் கார் மேல உனக்கென்ன பாசமோ! ஆறு வயசுல ஆசையா ஒரு கதவுல பூசினேன். 'எல்லாம் பாழ்'னு கத்தி விரட்டினாரே அப்பா! அப்புறம் என் கையில பிரஷ்ஷே குடுக்கல. நான் பூசினத அழிச்சுட்டு அவரே அடிச்சிருப்பாரு."

வின்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. முன்மூடியில் சிவப்பு எழுந்து வந்துகொண்டிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அதே ஈரச் சிவப்பு. மினுமினுப்பு கூடக்கூட, அதற்குள் பிரஷ் ஓடிய தடங்கள் தெரிந்தன. படகுக்கு இழுப்பதுபோலவே முன்னிருந்து பின்னாக, நிறுத்தாமல் இழுத்த நீள இழுப்பு. அப்பாவின் கை! அதன்பின் பக்கத்தில் வைத்திருந்த பாலிஷ் மிஷினைத் தொடவே வின்காவுக்கு மனம் வரவில்லை. துணியைப் பிடித்துக் கையாலேயே தேய்த்தாள்.

ஓட்டுநர் கதவுக்கு வந்தபோது மணி மூன்று. கைப்பிடிக்குக் கீழே தடங்கள் தாறுமாறாக இருந்தன. குட்டைக் குட்டையாக, மேலும் கீழுமாய், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஓரிடத்தில் வழிந்து உறைந்து. அவள் சுற்றிலும் தேய்த்துப் பார்த்தாள். அப்பாவின் நீள இழுப்பு அந்த இடத்துக்கு முன்னால் நின்று, தாண்டித்தான் மறுபடி தொடங்கியிருந்தது. ஓரத்தில்கூட அவர் பிரஷ் ஏறவில்லை.

"ஆந்த்ரோ, இங்க வா."

அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். வழிந்து உறைந்த சொட்டை விரலால் தடவினான்.

"அழிக்கலையா?"

"தொடக்கூட இல்லடா."

துறையில் கப்பல் ஊதியது. ஆந்த்ரோ திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

"துணியக் குடுக்கா. இத நான் பாத்துக்கறேன்."