எதிர்மனுதாரரின் விலாசம்

கோர்ட்டில் மனுப் படிவம் வாங்குவது என்றால் ஒரு ஜன்னலுக்குப் போய் ஒரு தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். முதல் ஜன்னலில் இருந்தவர் இரண்டாவதைக் காட்டினார். இரண்டாவதில் நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம். மூன்றாவதில் இருந்த கிளார்க் பெண், "பூர்த்தி பண்ணின மனுவைத்தான் இங்க எடுத்துப்போம். வெறும் ஃபாரம் எல்லாம் படிக்கட்டுக்குக் கீழ" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். படிக்கட்டுக்குக் கீழே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அந்தக் கட்டடத்தில் நீதி அங்கேதான் ஆரம்பமாகிறது என்று பிறகு புரிந்தது.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் வீடு அவர் பேரிலேயே இருந்தது. வீடு என்றால் மாளிகை இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு ஹால், ஒரு அறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய சமையலறை. இன்னொருவர் இல்லாததால் எனக்கு அது தாராளம். கட்டடத்தில் விரிசல் விட்டுவிட்டது, இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். வருஷக் கடைசிக்குள் கோர்ட்டிலிருந்து வாரிசுச் சான்று கொண்டுவருகிறவர்களுக்குத்தான் புது வீடு என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். சான்று வரவில்லை என்றால் எனக்குப் போக்கிடம் கிடையாது. கூடப் பிறந்தவர்களும் இல்லை.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மூக்குக் கண்ணாடி நெற்றியிலேயே குடியிருந்தது. எந்த மனுவுக்கு எந்தத் தாள், எங்கே ஸ்டாம்ப், எத்தனை நகல் என்று கேட்பதற்கு முன்பே சொல்கிற ஆள். வாய்க்கு ஓய்வே கிடையாது.

"வாரிசு எத்தனை பேரும்மா?"

"நானும் என் பையனும்."

"அவ்வளவுதானா? ரொம்ப சுலபம். பையன் வந்து சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது."

"அவன் வர முடியாது."

"அப்ப அவரை எதிர்மனுதாரரா போடணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பெத்த பிள்ளை எனக்கு எதிரியா? நல்லா இருக்குய்யா உங்க சட்டம்!"

"கோவிச்சுக்காதீங்க. கையெழுத்துப் போடாதவங்க எல்லாரும் கோர்ட்டுக்கு எதிர்மனுதாரர்தான். எங்கப்பா வீட்டுக்கு மனுப் போட்டப்ப என் தம்பியையும் அப்படித்தான் போட்டாங்க. தினமும் ஒண்ணாத்தான் சாப்பிடுறோம்." அவர் பேனாவைத் திறந்தார். "பையன் விலாசம் சொல்லுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்த டாக்டர் எந்த நேரத்தில் எந்த அறையில் இருப்பார் என்பது எனக்கு அத்துப்படி. யாரைக் கேட்டாலும் பிடித்துக் கொடுத்துவிடுவேன். எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். என் மகன் வேலைக்கு என்று கடல் தாண்டிப் போனான். சண்டை கிண்டை எதுவும் இல்லை. வாரம் ஒரு போன் வந்தது. அது மாதம் ஒன்றாயிற்று. அப்புறம் அப்பாவின் பிறந்த நாளுக்கு மட்டும். அப்புறம் ஒரு நாள் நானாக அடித்தபோது, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. பதிவு பண்ணின குரல். அவளிடம் சண்டை போட்டும் பிரயோஜனம் இல்லை.

அவன் வேலை பார்த்த கம்பெனிக்கு எழுதினேன். போய்விட்டான் என்றார்கள். கூடத் தங்கியிருந்த பையனைப் பிடித்தேன், அவனுக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி, "வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்று சொல்லிக்கொள்வோம். அவர் போன பிறகு அந்தப் பொய்யைச் சொல்லிக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் போனது. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கடைக்காரர் பேனாவோடு காத்திருந்தார். "என் விலாசம்தான்" என்று என் வீட்டு விலாசத்தைச் சொன்னேன்.

"கூடவேதான் இருக்காரா? அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட வரலை?"

"வேலை ஜாஸ்தி" என்றேன்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் எழுதிவிட்டார். நான் பொய் சொன்னதாகவே அப்போது நினைக்கவில்லை. அந்த வீட்டை விட்டால் என் பிள்ளைக்கு வேறு எது வீடு?

மூன்றாவது ஜன்னல் பெண் இரண்டு தரம் மனுவைத் திருப்பினாள். ஒரு தரம் ஓரத்தில் போதுமான இடம் விடவில்லை என்று. இன்னொரு தரம் தாளைத் தைத்த நூல் தப்பான மூலையில் இருக்கிறது என்று. மூன்றாம் தரம் முத்திரை குத்தி, எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் போகும், வாங்கின பிறகு விசாரணை என்றாள்.

ஒரு மத்தியான வேளையில் வாசல் மணி அடித்தது. என் வீட்டு மணி அடித்தால் ஒன்று கேஸ் சிலிண்டர், இல்லை என்றால் தப்பான வீடு. திறந்தால் கோர்ட் அமீனா நிற்கிறார். மூன்று மாடி ஏறினதில் மேல்மூச்சு வாங்கியது. கையில் இருந்த தாளைப் பார்த்து என் மகன் பெயரை முழுசாக, இனிஷியலோடு படித்தார்.

"இருக்காருங்களா?"

அப்படி யாராவது வாசலில் நின்று கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! பள்ளிக்கூட நாட்களில் பந்தும் மட்டையுமாகப் பயல்கள் வந்து கேட்பார்கள். அதே மாதிரி என் வாயில் பதில் வந்துவிட்டது.

"வெளிய போயிருக்கானே."

"எப்ப வருவாருங்க?"

"சாயந்திரம் ஆகிடும்."

"பரவாயில்லை. வீட்ல பெரியவங்க யார் வாங்கினாலும் சரிதான். நீங்க என்ன வேணும்?"

"அம்மா."

"இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

போட்டேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். "பையன் என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னேன். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். "எங்க, பிடி கொடுக்க மாட்டேங்கிறான்" என்று அலுத்துக்கொண்டேன். அவரும் தன் மகளைப் பற்றி அலுத்துக்கொண்டார். அவர் போன பிறகு நோட்டீஸை அவன் அறை மேஜையில், காற்றில் பறக்காமல் இருக்கக் கனமான புத்தகம் ஒன்றின் அடியில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

விசாரணை நாளில் கோர்ட் ஹால் நிரம்பி வழிந்தது. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் தடித்த கட்டைப்பையோடு ஒரு அம்மாள்; என்ன வழக்கு, பையனுக்கு நோட்டீஸ் சேர்ந்ததா என்று வந்ததுமே விசாரித்து வைத்திருந்தாள். என் வழக்கு வந்ததும் டவாலிச் சேவகர் வாசலுக்குப் போய், தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி என் மகன் பெயரைக் கூப்பிட்டார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம்.

வரமாட்டான் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தும் என் தலை வாசல் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே நின்ற வக்கீல்கள் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார்கள். வழியில் யாரும் வரவில்லை.

கட்டைப்பை அம்மாள் தன் பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தாள். "நோட்டீஸை வாங்கி வச்சுக்கிட்டு வராம இருக்கான் பாரேன். பெத்தவளுக்கு ஒரு கையெழுத்துப் போட ஒரு மணி நேரம் கிடைக்கலையா? என்ன ஜென்மமோ!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையை வீட்டில் இருக்கிறவனாக ஆக்கப் போய், ஊர் முன்னால் அவனை மனசாட்சி இல்லாதவனாக ஆக்கிவிட்டேன்.

நான் கூண்டில் ஏறினேன். நீதிபதி தாளைப் புரட்டினார். களைத்த முகம், நிதானமான குரல்.

"பையனுக்கு நோட்டீஸ் சேர்ந்திருக்கு. அவர் வரலை. அப்ப அவருக்கு ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கலாம். உங்க கூடத்தானே இருக்காரு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கே உத்தரவு. வீடு என் கையில். ஆனால் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த கிளார்க், நீதிபதி சொன்னதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். அழைத்தும் வரவில்லை என்று அந்தத் தாளில் நிரந்தரமாக நிற்கப் போகிறது. என் பிள்ளை என்னென்ன தப்பு பண்ணியிருக்கிறானோ, எனக்குத் தெரியாது. இந்தத் தப்பை அவன் பண்ணவில்லை.

"இல்லைங்கய்யா" என்றேன். "நோட்டீஸ் அவன் கைக்குப் போகலை. நான்தான் வாங்கினேன். அவன் என்கூட இல்லை."

"எங்க இருக்காரு?"

"தெரியாதுங்கய்யா. என் பையன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது."

அந்த வாக்கியத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மைக் வழியாக அது ஹால் முழுக்கக் கேட்டது. கட்டைப்பை அம்மாள் குனிந்துகொண்டாள்.

நீதிபதி கடிந்துகொண்டார். கோர்ட்டுக்குத் தப்பான தகவல் கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்றார். பிறகு குரலை இறக்கி, இருப்பிடம் தெரியாதவர் என்று புது மனு போட வேண்டும், பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் சான்று என்றார். வருஷக் கடைசிக்குள் முடியுமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

படிக்கட்டுக்குக் கீழே கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "முடிஞ்சுதா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கட்டுக்குள் தேடி வேறொரு படிவத்தை எடுத்தார்.

"இதுல ஆளோட அடையாளம் எல்லாம் கேப்பாங்கம்மா. பேப்பர்ல அதைத்தான் போடுவாங்க. மெதுவா சொல்லுங்க. வயசு?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். "நாப்பத்தொண்ணு."

"உயரம்?"

"அவங்கப்பாவைவிட அரை ஜாண் கூட."

அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் உயரத்தைக் கேட்டு, அதை அடிக்கணக்காக மாற்றி எழுதினார். "உடம்பு? ஒல்லியா, பருமனா?"

"போறப்ப ஒல்லி."

"இப்ப?"

அவர் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"தலைமுடி கறுப்பா, நரைச்சிருக்குமா?"

என் பிள்ளையின் தலையை நான் எத்தனை தரம் துவட்டியிருப்பேன்! கறுப்பு என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் பேனாவும் எழுதத் தயாராக இருந்தது.

"தெரியாதுன்னு எழுதுங்க" என்றேன்.

எழுதினார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.