மாயவரம் வரைக்கும் கைது

காரைக்கால்ல முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவ நான், ஜோசெஃபின். கல்யாணம் கில்யாணம்னு ஒண்ணும் பண்ணிக்கலை. தாஜ்மகாலைத் தனியாப் போய்ப் பாக்கணும், அது ஒண்ணுதான் ஆசை. ஐம்பத்திரண்டு வயசுல சொன்னேன். தம்பி ரெனே விழுந்து விழுந்து சிரிச்சான்.

"மாயவரத்துல ரயில் ஏறுறதுக்குள்ள திரும்பி வந்துடுவ அக்கா."

எனக்கு மூக்குக்கு மேல கோவம். பாதியில திரும்பினா இனிமே கோயிலுக்குக்கூடத் தனியாப் போறதில்லைன்னு மாதா படத்து முன்னால சத்தியம் பண்ணிட்டேன். என் வாய் அப்படி.

எழுபத்தாறாம் வருஷம், காலை பஸ். முதல் நாள் ராத்திரி நண்டுக் குழம்பை ஒரு பிடி பிடிச்சிருந்தேன். கோட்டுச்சேரி தாண்டலை, வயித்துல கடமுடான்னு ஆரம்பிச்சிடுச்சு. மண்டபத்தூர் கிட்ட கண்ணே இருட்டிப்போச்சு. பையிலேருந்து பிராந்தியை எடுத்து ரெண்டு ஸ்பூன் குடிச்சேன். எங்க வீடுகள்ல பிராந்தி சாராயமில்லை. மருந்து அலமாரியில அயோடினுக்குப் பக்கத்துல நிக்கும். எல்லையைத் தாண்டினா தமிழ்நாடு, அங்க மதுவிலக்குங்கிறது மண்டையில உறைக்கவே இல்லை.

சோதனைச் சாவடியில ஏட்டு மருதையன் பஸ்ஸுக்குள்ள ஏறி மோப்பம் பிடிச்சார். "யாருங்க குடிச்சது?"

"நான்தான். வயித்துக்கு மருந்து. உங்க மூஞ்சியும் வாடியிருக்கே, ஒரு ஸ்பூன் தரவா?"

பஸ்ஸே சிரிச்சது. அவர் சிரிக்கலை. பெட்டியோட இறக்கிட்டார். பஸ்ஸும் போயிடுச்சு. நான் எதுவும் கேக்காம சாவடிக்குப் பின்னால இருந்த தட்டி மறைவுக்கு ஓடினேன். மூணு தடவை.

நல்ல மனுஷன், பாட்டிலை மண்ணுல கொட்டிட்டார். "கேஸ் கீஸ் வேணாம்மா. இந்த உடம்போட தனியா எங்க போவீங்க? அடுத்த பஸ்ல காரைக்காலுக்கே திரும்பிப் போயிடுங்க."

வீட்டு வாசல்ல ரெனே நின்னு சிரிக்கிற மாதிரியே இருந்தது.

"கேஸ் போட்டா எங்க கொண்டுபோவீங்க?"

"மாயவரம் கோர்ட்டுக்கு."

"ரயில் ஸ்டேஷனும் அங்கதானே? அப்ப போடுங்க."

அவர் தலையைச் சொறிஞ்சார். "பொம்பளைக் கைதியைக் கொண்டுபோக இங்க பொம்பளைப் போலீசு இல்லீங்களே."

"நான் பொம்பளைதானே. என்னை நானே கொண்டுபோறேன்."

பேசிக்கிட்டிருக்கும்போதே மறுபடியும் தட்டிக்கு ஓட வேண்டியதாப் போச்சு. திரும்பி வந்தா, ஒரு டம்ளர் ஓமத் தண்ணியோட நிக்கிறார். மாயவரம் போற பஸ்ஸை நிறுத்தி வச்சிருக்கார்.

"அம்மாவை ரயில் ஸ்டேஷன்ல இறக்கிடு," ன்னு கண்டக்டர்கிட்டச் சொன்னார். "அவங்க கை காட்டுற இடமெல்லாம் நிறுத்து."

ஏறி உக்காந்ததும் ஜன்னல் கிட்ட வந்து மெதுவாக் கேட்டார். "கூட ஆளில்லாம பயமா இல்லையாம்மா?"

"பயமாத்தான் இருக்கு சார். திரும்பிப் போறது அதைவிடப் பயமா இருக்கு."

தரங்கம்பாடியில கை காட்டினேன். புதருக்குப் பின்னால உக்காந்து நிமிர்ந்து பாத்தா, டேனிஷ்காரன் கட்டின ஊர் வாசல் வெள்ளை வெளேர்னு நிக்குது. குடும்பத்தோட பத்து தடவை பாத்த வாசல்தான். தனியா வந்து பாக்கிறது இதுதான் முதல் தடவை. அஞ்சாம் நாள் தாஜ்மகாலையும் பாத்தேன். ஆனா சந்தோஷத்துல அழுதது இந்தப் புதருக்குப் பின்னாலதான்.