கிளையை விட்ட மாப்பிள்ளை

செம்மநத்தம் மேட்டில் கால்மணி நேரம் ஆலங்கட்டி மழை அடித்து ஓய்ந்தபோது, எஸ்டேட் ஒற்றையடிப் பாதை மேலிருந்து கீழ்வரை கல்லுப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. ஏப்ரல் மாதத்தில் இப்படியொரு கூத்தா என்று லைன் வீட்டுச் சனம் கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தது. மருதாயி மட்டும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகள் சிவரஞ்சனியைப் பெண் பார்க்கக் குப்பனூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். ஏற்கெனவே மூன்று பேரைத் தட்டிவிட்டவள் மகள். ஏனென்று கேட்டால், "சொன்ன பேச்சக் காதுல வாங்காத ஆளும்மா" என்ற ஒரே பதில்தான். இதுவும் தவறினால் இனி யாரும் மலையேறி வரமாட்டார்கள் என்று மருதாயி பயந்தாள்.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா குப்பாயி.

"ஏனுங்க சம்பந்தி, ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்குதுங்க. ஜீப்பு நகுராது. நடந்தே வந்தர்றோமுங்க."

"பாதையெல்லாம் ஐஸ்ஸுங்க!"

"எம் பையன் லடாக்குல அஞ்சு வருசம் பனியில நடந்த பட்டாளத்துக்காரனுங்க."

சிவரஞ்சனி பட்டுச்சேலைக்கு மேலே காப்பி பறிக்கும் முழுக்கைச் சட்டையை மாட்டினாள். பழைய சாக்கைக் கிழித்துக் காலில் சுற்றிக் கட்டிக்கொண்டு, மீதித் துண்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வர்றவங்களப் பொண்ணே போயிக் கூட்டியாருமா?"

"அப்ப உன்ற முட்டிய வெச்சுக்கிட்டு நீ தனியாப் போறியா?"

மருதாயி தன் காலிலும் சாக்கைக் கட்டினாள்.

கீழ் வளைவில் அவர்களைக் கண்டார்கள். குப்பாயி தாம்பூலத் தட்டோடு மூச்சு வாங்கினாள். மகன் லோகேஷ் வெள்ளைச் சட்டை, மின்னும் ஷூவில் நின்றான். சிவரஞ்சனி சாக்குத்துண்டை நீட்டினாள்.

"இதச் சுத்திக் கட்டிக்கங்க. வழுக்காது."

"வேண்டாமுங்க. பனியில ஷூ முனைய உதைச்சு ஏறோணும், அவ்ளோதான்."

"அந்தப் பனி அமுங்குமுங்க. இது ராகி மாதிரி உருளும்."

அவன் சிரித்துக்கொண்டே முன்னால் ஏறினான். குப்பாயி சாக்கை வாங்கிக் கட்டிக்கொண்டாள். மகளின் முகம் சுருங்குவதை மருதாயி பார்த்தாள். போச்சு, நாலாவதும் போச்சு.

செங்குத்தான இடத்தில் ஷூவுக்கடியில் ஐஸ் உருண்டது. லோகேஷ் சட்டென்று பக்கத்துக் காப்பிச் செடியை எட்டிப் பிடித்தான். நிழல் மரங்கள் தாங்கியதால் ஆலங்கட்டிக்குத் தப்பிய செடி. கணுவுக்குக் கணு மொக்கு. கிளை வில்லாக வளைந்தது.

"செடிய உடுங்க!" சிவரஞ்சனி போட்ட சத்தம் மலைக்கே கேட்டிருக்கும்.

அவன் விட்டான்.

அடுத்த நொடி, உட்கார்ந்த வாக்கில் இருபதடி சறுக்கிக்கொண்டு போய் மண்வரப்பில் முட்டி நின்றான். முதுகெல்லாம் சேறு. சம்பந்தம் முறிந்ததென்றே மருதாயி நினைத்தாள்.

கீழிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, கிளை முறிஞ்சுருச்சுங்களா?"

சிவரஞ்சனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. "இல்லீங்க! ஒரு மொக்குக்கூட உதுரல."

"அப்ப அந்தச் சாக்கப் போடுங்க, கட்டிக்கறேன்."

குப்பாயி வாயைப் பிளந்தாள். "இருவத்தெட்டு வருசமா நாஞ் சொல்லி எதையும் உட்டதில்லீங்க இவன்!"

நாலேகாலுக்கு வீடு சேர்ந்தார்கள். சேற்றுச் சட்டையோடு சபையில் உட்கார முடியாதே. சிவரஞ்சனி தன் வேலைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். காப்பிக் கறை படிந்த அந்தச் சட்டையில், கை முழங்கைக்கு ஏறி நிற்க, பட்டாளத்துக்காரன் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"பொண்ணு என்ன சொல்லுதுங்க?" என்றாள் குப்பாயி.

மருதாயி அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். மகள் காப்பியை ஆற்றிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்:

"சட்டைய இப்பத் தர வேண்டாம்னு சொல்லும்மா. அடுத்த தடவ வரும்போது கொண்டாந்தாப் போதும்."