வெள்ளிக் கோப்பையும் வாள்மந்திரனும்

ஒரு கையில் வாளும் மறு கையில் மந்திரமும் வைத்திருக்கிற ஆளோடு நீங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறீர்களா? ஒரு நர்ஸ் நடத்திக்கொண்டிருந்தாள்.

மற்ற நாளெல்லாம் அவள் புருஷன் தையல்கடையில் பேண்ட்டுக்குக் கால் மடித்து அடிக்கிறவன். கட்டிங்கும் தானே, காஜாவும் தானே என்று பீற்றிக்கொள்வான். காஜா ஒரு பக்கம் போகும், பட்டன் ஒரு பக்கம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மதியமானால், பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டில், ஆள் எல்ஃப், அதாவது மேல்நாட்டுக் கதைகளில் வருகிற வனதேவன். கூரான காது, வயசே ஆகாத உடம்பு, காட்டு ராஜவம்சம். அதிலும் சாதா எல்ஃப் இல்லை, வாள்மந்திரன். வலது கையால் வெட்டுவான், இடது கையால் மந்திரம் வீசுவான். வெறும் போர்வீரனைப் பார்த்தால் மூளை இல்லை என்பான், வெறும் மந்திரவாதியைப் பார்த்தால் முதுகெலும்பு இல்லை என்பான்.

ஆட்டம் நடப்பது அவள் தம்பி வீட்டுச் சமையலறை மேசையில். தம்பி லிஃப்ட் மெக்கானிக். குகை, பூதம், புதையல் என்று அவன் கதை சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். செத்தால் செத்ததுதான், என் மேசையில் யாரையும் திரும்ப எழுப்ப முடியாது என்று தம்பி முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தான்.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் கோடாலிக் குள்ளன். அவளோ ஒரு வைத்தியக்கார சாமியாரம்மா. குண்டுக் கிழவி, அழகு, வம்சம் ஒன்றும் கிடையாது. காயத்தின் மேல் கையை வைத்தால் ஆறிவிடும், அவ்வளவுதான். வார்டில் பார்க்கிற வேலையையே லீவு நாளிலும் பார்ப்பானேன் என்று டிரைவர் ஒருமுறை கேட்டார். இங்கே கை வைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்களே என்றாள். ஊரைவிட்டு வந்த இடத்தில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அந்தக் கிழவி ஒருத்திதான். வருஷக்கணக்காகப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தாள். எல்ஃபின் காயத்தையும் அவள்தான் ஆற்றுவாள். எல்ஃப் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.

தன் முறை வந்தால் மற்றவர்கள் ஒரு வரியில் முடிப்பார்கள். இவன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் வெள்ளி முடி காற்றில் பறப்பதிலிருந்து ஆரம்பிப்பான். குகைக்குள் காற்று எங்கிருந்து வருகிறது என்று தம்பி கேட்டால், அது எல்ஃப் காற்று என்பான்.

போன வாரம் ஒரு ராஜாவின் கல்லறையில் வெள்ளிக் கோப்பை ஒன்று கிடைத்தது. எல்ஃப் அதை இடது கையில் எடுத்துக்கொண்டான். இனி அது தன் கையை விட்டு இறங்காது, இது குலத்தின் மேல் ஆணை என்றான்.

"கீழ வைக்கவே மாட்டீங்களா மாமா?"

"எல்ஃப் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான் மச்சான்."

தம்பி சரியென்று தலையாட்டிக்கொண்டான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் பூதம் மறித்தது. குள்ளன் அடிபட்டு விழ, அவனை எழுப்பக் கிழவி ஓடினாள். பூதம் அவளைக் கீழே தள்ளி நெஞ்சில் காலை வைத்துவிட்டது. இன்னொரு அடி விழுந்தால் கிழவி காலி. அடுத்தது எல்ஃபின் முறை. கவச மந்திரம் ஒன்று போட்டால் பூதத்தின் அடி அவள் மேல் விழாது.

அவன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டான். பயப்படாதே என்று பெண்டாட்டிக்குக் கண்ஜாடை காட்டிவிட்டு, இடது கையை உயர்த்துவதாகவும் அதிலிருந்து நீல ஒளி பாய்வதாகவும் சொல்லிக்கொண்டே போனான்.

"இடது கைல என்ன இருக்கு மாமா?" என்றான் தம்பி.

மந்திரம் போடுகிற கை காலியாக இருக்க வேண்டும். அந்த விதியை மற்றவர்களுக்கு ஓதி ஓதிக் காதைப் புண்ணாக்கியவனே இவன்தான்.

வாள், கோப்பை, இரண்டில் எதையாவது ஒன்றைக் கீழே போட்டால் போதும், அப்புறம் தாராளமாக மந்திரம் சொல்லலாம் என்றான் தம்பி.

"போடுங்க" என்றாள் அவள்.

அவன் போடவில்லை. வாளைப் போட்டால் வாள்மந்திரன் இல்லையாம். கோப்பையைப் போட்டால் குலம் இல்லையாம். கோப்பையைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டால் கை காலிதானே என்று விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தான். ஆளில்லாத கடையில் டீ ஆற்றுகிறவன் மாதிரி அவன் பாட்டுக்கு வாதாடிக்கொண்டிருந்தான்.

"யோவ், அந்த டம்ளரக் கீழ வையேன்யா" என்றார் டிரைவர்.

"அது டம்ளர் இல்ல. கோப்பை."

"என்னங்க" என்றாள் அவள். "அது என் கிழவிங்க."

அவன் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தாமலே சொன்னான்: "கிழவிதானம்மா. செத்தா புதுசா ஒண்ணு பண்ணிக்கலாம். இந்தத் தடவ நல்லா லட்சணமா, எல்ஃபா பண்ணிக்கோ. நான் சொல்லித் தரேன்."

அவள் பகடையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் வாளை வீசுவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினான். தவறியது. பூதத்துக்காகத் தம்பி உருட்டினான். தவறவில்லை. கிழவியின் விவரமெல்லாம் எழுதியிருந்த தாளை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். பூதத்தை, அடிபட்டுக் கிடந்த குள்ளன்தான் தவழ்ந்து போய்க் கோடாலியால் முடித்தான். எல்ஃப் அதன் பிணத்தின் மேல் ஏறி நின்று கோப்பையை உயர்த்தினான். முடி பறந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில், இவ்வளவு சண்டையிலும் கோப்பையில் ஒரு கீறல்கூட விழவில்லை, கவனித்தாயா என்று அவளைக் கேட்டான். கவனித்தேன் என்றாள்.

மறுநாள் காலை அவள் தனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனாள்.