அக்காவின் பாவாடை

என் அக்கா தேன்மொழி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் செத்துப்போனாள். ஆனாலும் அவளுடைய பாவாடை வருஷா வருஷம் வளர்ந்தது.

பாலோ என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக் கன்னி தெய்வம் அவள்தான். தை மாதம் அம்மா புதுப்பாவாடையும் வளையலும் சர்க்கரைப் பொங்கலும் வைத்துப் படைப்பாள். மறுநாள் அந்தப் பாவாடையை நான் உடுத்துவேன். அளவெல்லாம் என்னுடையதுதான்.

என் பெயர் லோஷினி, அதுவும் வீட்டுக்குள் மட்டும். அக்கா இறந்ததை யாரும் பதியவில்லை. மறுவருஷம் வீட்டிலேயே நான் பிறந்ததையும் பதியவில்லை. "அதான் ஒன்னு இருக்குல்ல" என்று அவளுடைய பிறப்புப் பத்திரத்தைக் காட்டி என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். என்ன சாமர்த்தியம்! ஆறு வருஷம் தேன்மொழி என்று கூப்பிட்டால் நான்தான் எழுந்து நின்றேன். வகுப்பில் முதலாவதாக வந்ததும் அவள் பெயர்தான். அவள்மேல் எனக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம்.

இடைநிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. தோட்டத்தைவிட்டு வெளியேற எனக்கு வேறு வழி கிடையாது. அந்த வருஷம் பாவாடைக்குப் பதிலாக என் புதுப் பள்ளிச் சீருடையைப் படையலில் வைத்தாள் அம்மா.

சூடம் காட்டும்போது அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"துணி குடுக்குறீங்க. என் பேர எப்ப குடுப்பீங்க?"

அது அம்மாவின் குரல் இல்லை. சீருடையை எடுக்க நீட்டிய கையை நான் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்பா பயந்த மனுஷன். திங்கட்கிழமையே பதிவிலாகாவுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து அக்கா முறையாகச் செத்தாள். நான் பிறக்கவேயில்லை.

"ஒனக்கு மனு போட்டிருக்கேன் லா. காத்திருக்கணுமாம்" என்றார் அப்பா. எத்தனை வருஷம் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. "நானா அப்படிச் சொன்னேன்? ஐயோ, என் புள்ளையோட படிப்பு போச்சே" என்று அழுதாள். எந்தப் பிள்ளை என்று கேட்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பள்ளி திறந்த அன்று சீருடை போட்டுக்கொண்டு போனேன். "உன் பெயரில் ஒரு தாளாவது கொண்டுவா" என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும் வழியில் வகுப்பு சன்னலோரம் நின்றேன். ஆசிரியை கையில் இருந்தது பழைய பட்டியல் போலிருக்கிறது.

"தேன்மொழி!"

பதில் இல்லை. ஆசிரியை தலையை நிமிர்த்தி மறுபடியும் கூப்பிட்டார்.

என் வாய் தானாகத் திறந்தது. அக்காவும் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று பயந்து மூடிக்கொண்டேன்.