நாற்பதாவது நிமிடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். 'வோல்டேஜ் சரியாகிவிட்டது' என்பதுதான் அந்தப் பொய். அதைச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.

என் பெயர் மந்திரமூர்த்தி. திருநெல்வேலி ஜங்ஷனில் தாஜ் முகம்மது பாயின் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாய் சாப்பிடப் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கதை எழுதுவேன். இதுவரை மூன்று கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. மூன்றின் முடிவிலும் யாராவது ரயிலேறிப் போய்விடுவார்கள். முடிக்கத் தெரியாதபோது ஆளை ரயிலேற்றிவிடுவது என் வழக்கம். இந்தக் கதையில் வருகிறவனை அப்படி ஏற்ற முடியாது. அவனால் நடக்க முடியாது.

2

தொடக்கம் ஒன்று: "தச்சநல்லூரில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பாலசுப்பிரமணியனின் கம்ப்யூட்டர்

(நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை. சோகக் கதை என்றதும் மழையைக் கூப்பிடுகிற புத்தி எனக்கு.)

தொடக்கம் இரண்டு: "தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற நோய் அது."

(உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் இங்கேயே உச்சுக்கொட்டிவிடுவீர்கள். பாலுவுக்கு உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டாலே ஆகாது.)

தொடக்கம் மூன்று: "என்னவே, ஒம்ம மெஷினு செத்துச் செத்துப் பொழைக்கு" என்றான் பாலு.

இது இருக்கட்டும். இது அவனே சொன்னது. தொண்ணூற்றெட்டு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்.

பாலுவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா கிடையாது. அம்மா உலகம்மாள், பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கால்கள் போய், தோள்கள் போய், வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் அவன் சொல்வதைக் கேட்டன. "நாலு மாசத்துக்கு ஒரு வெரலுன்னு போவுது வே. அதுக்குள்ள கோட்டையப் புடிச்சிரணும்" என்பான்.

கோட்டை என்பது அவன் ஆடிய கேம்.* பன்னிரண்டு தளங்கள். ஒவ்வொரு தளத்தையும் முடித்தால்தான் அதுவரை ஆடியதைச் சேமிக்க முடியும், நடுவில் முடியாது. பதினொன்றை முடித்துவிட்டான். பன்னிரண்டாவதன் கோடியில் ஒரு கதவு. அவன் வேகத்துக்கு அங்கே போய்ச்சேர ஒரு மணி நேரம் வேண்டும். கம்ப்யூட்டரோ நாற்பதாவது நிமிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்து, தானாகவே மறுபடியும் எழுந்துகொள்ளும். திரையில் நினைவகத்தின் எண்கள் ஓடும். பாலு பன்னிரண்டாவது தளத்தின் வாசலிலிருந்து மறுபடியும் தொடங்குவான்.

\* பெயர் வேண்டாம். தேடிப் பிடித்து ஆடிப்பார்க்கத் தோன்றும். எனக்கே தோன்றுகிறது.

3

துப்பறியும் கதையாக இருந்தால் இந்தப் பகுதியைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். இரண்டு மாதம் மறைத்தது போதும். குற்றவாளியை இங்கேயே காட்டிவிடுகிறேன்.

நான் பூட்டிய கம்ப்யூட்டரைப் பாலு வீட்டில் கொண்டுபோய் இறக்கிய வாரமே, அந்தத் தீபாவளிக்கு முன்னால், ஆயுத பூஜை வந்தது. "பூட்டுன கையாலயே பொட்டும் வச்சிருங்க தம்பி" என்று டீச்சர் கூப்பிட்டனுப்பினார். திருநீறு பூசி, குங்குமம் வைத்தேன். கிண்ணத்தில் சந்தனம் மிச்சமிருந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெட்டியின் பின்பக்கம், பவர் சப்ளையின் விசிறி காற்றை வெளியே தள்ளுகிற கம்பி வலையில், அந்தச் சந்தனத்தைத் தாராளமாகவே அப்பினேன்.

"இங்கன எதுக்குவே?" என்றான் பாலு.

"சுவிட்சப் போடும். தெரியும்."

போட்டான். பைய, அறை முழுக்கச் சந்தன வாசம். பாலு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். "கோயிலுக்குப் போயி ஆறு வருசமாச்சு. கோயிலே இங்கன வந்துட்டுல்லா" என்றான்.

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெரிய ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அந்த அரை நிமிடப் பெருமையை எழுதக் கை கூசுகிறது.

4

வலையில் அப்பியது உள்ளேயும் வழிந்து, விசிறியின் அச்சைச் சுற்றிக் காய்ந்து இறுகியிருந்தது. விசிறி நின்றுபோனது. கேம் ஆடும்போது மின்சார இழுவை அதிகம். நாற்பது நிமிடத்தில் பெட்டி கொதித்துவிடும். சங்கதி இவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை.

கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கி வந்தேன். மூடியைக் கழற்றினால் உடனே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிடுவது எங்கள் கடைப் பழக்கம். புழுக்கம் எங்களுக்குத் தாங்காது. அந்தக் காற்றில் பெட்டி சூடாகவே இல்லை. ஐந்து மணி நேரம் ஓடியது. நின்றுபோன விசிறிகூட அந்தக் காற்றுக்குத் தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியது. 'ஃபேன் சுற்றுகிறது' என்று சீட்டில் எழுதினேன்.

மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். வைரஸ் தேடினேன். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன், மூன்று தடவை. தச்சநல்லூரில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் என்று ஸ்டெபிலைசர் வைக்கச் சொன்னேன். பிரஷ்ஷால் தூசி தட்டும்போது அந்தச் சந்தனத்தைப் பார்த்தேன். அதைச் சுற்றித்தான் தட்டினேன். பூஜையில் வைத்த பொட்டை அடுத்த வருஷப் பூஜைக்குக் கழுவும்வரை யாரும் தொடமாட்டோம். எங்கள் ஊரில் லாரிக்காரர் முதல் தையல்காரர் வரை அப்படித்தான். நானும் பயபக்தியோடு விட்டுவைத்தேன்.

பாலு வீட்டில் விண்டோஸ் ஏறுகிற நேரத்தில் டீச்சரிடம் என் கதைகளைக் காட்டுவேன். சிவப்புப் பேனாவோடுதான் எதையும் படிப்பார். ஓரத்தில் எழுதுவார். 'இவன் ஏன் ரயிலேறுகிறான்? நின்று பதில் சொல்லட்டும்' என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

இப்போது எழுதியே ஆக வேண்டிய இடம். கார்த்திகை மாதம், நான் மேசைக்கடியில் குனிந்து ஒயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து பாலுவின் குரல்.

"வே, இப்பல்லாம் சந்தன வாசம் வரதே இல்லையே?"

"காஞ்ச சந்தனத்துல வாசம் எங்கன இருக்கும்?" என்றேன்.

"அதுஞ்சரி" என்றான்.

(காற்று வந்தால்தானே வாசம் வரும்? விசிறி நின்றுவிட்டது என்பதை அவன் மூக்கு கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. படித்த மெக்கானிக்கின் காதில் அது விழவில்லை. இந்தப் பத்தியை ஒன்பது தடவை அழித்திருக்கிறேன்.)

5

தை பிறந்ததும் தீர்ப்புச் சொன்னேன். கோளாறைக் கண்டுபிடிக்க முடியாத ரிப்பேர்க்காரர்கள் எல்லோரும் சொல்கிற தீர்ப்பு: "கேமு ரொம்ப கனம் டீச்சர். மெஷினு தாங்கல. இப்படியே அணஞ்சு அணஞ்சு எந்திரிச்சா ஹார்டு டிஸ்க் போயிரும். ஆட வேண்டாம்."

டீச்சர் குறுந்தகட்டை எடுத்து அகராதிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "சரி வே. ஒமக்குத் தெரியாததா" என்றான் பாலு.

இங்கே பாத்திரம் கோபப்பட வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கத்துகிற மாதிரி எழுதியும் பார்த்தேன்: "பாலு மூன்று விரல்களாலும் விசைப்பலகையை ஓங்கி

(அவனால் ஓங்க முடியாது. அதையே மறந்து எழுதுகிறேன், பாருங்கள்.)

கோபம் இருந்ததா, இல்லையா? அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

6

இந்த வருஷ ஆயுத பூஜை. டீச்சர் மறுபடியும் கூப்பிட்டார். பழைய பொட்டைக் கழுவ ஈரத்துணியோடு பெட்டியைத் திருப்பினேன். சந்தனம் அடையாகப் பெயர்ந்து வந்தது. வலைக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். விசிறியின் நடுவில் மீதிச் சந்தனம் கல்லாக இருந்தது. பவர் சப்ளையைத் திறந்து, சுரண்டி எடுத்தேன். உள்ளங்கையில் ஒரு கடலைப்பருப்பு அளவு. அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"கேமு ஆடிப் பாப்பமா?" என்றேன்.

பாலு தன் வலது கையைப் பார்த்தான். அது மடியில் கிடந்தது. ஆவணியிலேயே கடைசி விரலும் போய்விட்டது. "நீரு ஆடும். நான் சொல்லுதேன்" என்றான்.

டீச்சர் குறுந்தகட்டைக் கொண்டுவந்து தந்தார். நான் ஆடினேன். எனக்குக் கேம் வராது. "இடது, லே, இடது! குழி, லே, அது!" என்று கத்தினான். எப்போதும் 'வே' என்கிறவன் என்னை உரிமையாக 'லே' போட்டது அன்றைக்கு மட்டும்தான். விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை ஆனது.

திடீரென்று பாலு கத்துவதை நிறுத்தினான்.

"அணையவே இல்லையே" என்றான். அப்புறம், "என்னவே செஞ்சீரு?"

சட்டைப்பைக்குள் அது இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம்.

"வோல்டேஜ் சரியாயிட்டு" என்றேன்.

பாலு என் பக்கம் கண்ணைத் திருப்பினான். "அப்படியா? நல்லது" என்றான். "மிச்சத்த வார ஞாயித்துக்கெழம வந்து முடியும். கதவுக்கு அங்கன என்ன இருக்குன்னு பாத்துருவோம்."

வருகிறேன் என்றேன். போகவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் கடையில் இதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். போனால் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்தான். கார்த்திகையில் நெஞ்சில் சளி கட்டி, மூன்றே நாளில் பாலு போய்விட்டான்.

7

வேறு முடிவுகள் என்னிடம் இருக்கின்றன.

அ. மேசைக்கடியிலிருந்து நான் தலையைத் தூக்குகிறேன். "வாசம் வரலியா? எப்பலேருந்து?" என்று கேட்கிறேன். இரண்டு நிமிட வேலை. பாலு மூன்று விரல்களோடு கதவைத் திறக்கிறான். (இதை முன்பே தாளில் முழுதாகவே எழுதி வைத்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. பொய்யான முடிவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.)

ஆ. அவன் கேட்டபோது உண்மையைச் சொல்கிறேன். அவன் திட்டுகிறான். அல்லது சிரிக்கிறான். (எதைச் செய்திருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் வழியையும் நானே அடைத்துவிட்டேன்.)

இ. அவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. என் கையில் சந்தனத் துகள் ஒட்டியிருந்ததே, பார்க்காமலா இருந்திருப்பான்? தெரிந்தேதான் 'நல்லது' என்றான். (இதை நம்ப எனக்கு ஆசை. ஆசையாக இருக்கிறது என்பதற்காகவே நம்பப் பயப்படுகிறேன்.)

8

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, டீச்சர் கம்ப்யூட்டரை என்னிடமே எடுத்துப்போகச் சொன்னார். "அதப்பத்தித் தெரிஞ்சவரு நீங்கதான். இங்கன இருந்தா நான் அந்த நாற்காலியையே பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார். வாசலில் ஆட்டோவில் ஏற்றும்போது பின்னாலேயே வந்தார்.

"தம்பி, அந்தக் கதவுக்கு அங்கன என்ன இருக்குன்னு ஒங்ககிட்டயாவது சொன்னானா?"

"இல்ல டீச்சர்" என்றேன். அது ஒன்றுதான் நான் அந்த வீட்டில் சொன்ன உண்மை.

இந்தக் கதையை அதே கம்ப்யூட்டரில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஐந்து நாளில் இரண்டாயிரம் பிறக்கும்போது எல்லா கம்ப்யூட்டரும் தேதி தெரியாமல் நின்றுவிடும் என்று பாய் பயப்படுகிறார். எனக்கு அந்தப் பயம் இல்லை. இது நிற்காது. இவ்வளவையும் தட்டியிருக்கிறேன், ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. வேண்டுமென்றேதான். நாற்பதாவது நிமிடத்தில் அணைந்துவிடும், எல்லாம் போய்விடும், முயன்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்று மணி நேரமாக ஓடுகிறது. பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். காற்று நன்றாக வருகிறது.

குறுந்தகடு மேசையில்தான் இருக்கிறது. கதவைத் திறந்து பார்த்து இங்கே எழுதினால் கதைக்கு ஒரு முடிவு கிடைக்கும். திறக்கமாட்டேன். அது அவனுடைய கதவு.

முடிவை உங்களிடம்தான் விடுகிறேன். ஆனால் எல்லா வாசகரிடமும் இல்லை. ஒருவரிடம். ஊர் தெரியும், நோய் தெரியும், பெயரை மாற்றி எழுதினாலும் உங்களுக்குத் தெரியாமல் போகாது. மாற்றவும் இல்லை. இப்போது சேமித்துவிட்டேன். பாய் வந்ததும் அச்செடுத்து, தபாலில் போடாமல், நானே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன். ரயிலேறமாட்டேன்.

வழக்கத்தைவிட அகலமாக ஓரம் விட்டிருக்கிறேன், டீச்சர். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.