முக்காடு போட்ட பொம்மை

மொரப்பூர் ஸ்டேஷனில் பெட்டியைப் பிரித்தபோதே பொம்மையின் மண்டை உடைந்திருந்தது. புடவை கட்டிக் கடையில் நிறுத்த, பம்பாயிலிருந்து வந்த ஆள் உயரச் சரக்கு. வைக்கோலை விலக்கிப் பார்த்தால் முகம், கழுத்து, லேசாக முன்னால் நீட்டிய இரண்டு கைகள் எல்லாம் சரியாக இருந்தன. உச்சந்தலையில் மட்டும் தேங்காய்ச் சில் அளவுக்குப் பெயர்ந்து, ஒட்டியிருந்த முடி கொத்தாகக் கழன்று கிடந்தது. கடைத் திறப்புக்கு நாலே நாள். திருப்பி அனுப்பி வேறொன்று வரவழைக்க நேரமில்லை. பார்சல் கிளார்க் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முக்காடு போட்டுடுங்க, யாருக்குத் தெரியப்போவுது" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதையே செய்தேன்.

அது எழுபத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதம். எனக்கு முப்பத்தாறு வயது. பெங்களூரில் பத்து வருஷம் கடைகளுக்குள் கண்ணாடி அலமாரியும் மரவேலையும் அலங்காரமும் செய்து கை தேர்ந்து, தர்மபுரிக்கு வந்திருந்தேன். ஷோகேஸ் கஸ்பார் என்றால் அந்த வட்டாரத்துக் கடைக்காரர்களுக்குத் தெரியும். பட்டுக்கடை முதலாளி கிருஷ்ணப்பன் என்னைப் பிறரிடம் அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "பெங்களூர் ஆளுங்க, அங்கேர்ந்து வரவழைச்சிருக்கேன்" என்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை. பெங்களூரிலிருந்துதானே வந்தேன்? என் குணமே அதுதான். நான் பொய் சொல்கிறவன் இல்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு, மீதியை எதிராளியே தப்பாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று சும்மா இருந்துவிடுகிறவன்.

கிருஷ்ணப்பன் கடைக்காக வாங்கிய கட்டடம், நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் பங்களாவை ஒட்டிக் கட்டிக்கொண்ட சின்ன ஜெபக்கூடம். பங்களா எப்போதோ இடிந்துபோனது. கூடம் மட்டும் நின்றது. இரண்டு முழம் கனத்தில் சுவர், மேலே வளைவு வளைவாகக் கூரை, பக்கத்துக்கு மூன்று ஜன்னலில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. வாசலுக்கு நேர்எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மாடம். துரை போன பிறகு முப்பது வருஷம் அது புளி மண்டியாக இருந்தது. கூரை முட்ட மூட்டை அடுக்கி, சுவரெல்லாம் உப்புப் பூத்து, சுண்ணாம்பு எத்தனை முறை அடித்தாலும் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. சாம்பிராணி போட்டுப் பார்த்தோம், ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தோம், புளி வாடை போகவில்லை. கடைசியில் சுவரைத் தொடாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு, மாடமும் ஜன்னல்களும் தவிர உள்பக்கம் முழுக்கப் பிளைவுட் அடித்து, அதன்மேல் தேக்குப் பட்டை ஒட்டி, மெருகேற்றினேன். பழைய சுவர் அதன் பின்னால் போய்விட்டது. வாடையும் பாதி போய்விட்டது.

"உள்ள வர்றவங்க தானா கொரல இறக்கிப் பேசணும் கஸ்பாரு. சந்தையில சத்தம் போடற மாதிரி இங்க போடக்கூடாது. அப்பிடிப் பண்ணிக் குடு. சேலத்துக் கடை வேலையும் உனக்குத்தான்" என்று கிருஷ்ணப்பன் சொல்லியிருந்தார். நல்ல ரசனைக்காரர். வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றவே விடவில்லை. சிவப்புக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்தால் பச்சைப் புடவை மண் நிறத்தில் தெரிகிறது என்றேன். சேலை பார்க்கிற இடத்தில் மட்டும் டியூப் லைட் போட்டுக்கொள், ஜன்னலைத் தொடாதே என்றார். வாசலிலிருந்து மெத்தை போட்ட இடம் வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்தோம். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லக்கூடாது, பெங்களூர் மாதிரி போட்டுக்கொண்டே உள்ளே வரட்டும், மெத்தைக்குக் கீழே கழற்றினால் போதும் என்பது அவர் கட்டளை.

இந்தக் கட்டடத்தை எனக்கு முன்பே தெரியும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எட்டு வயதில் இதற்குள்தான் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்தேன். நானும் என் அக்கா ஆரோக்கியம்மாளும். அம்மா செத்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது. கடத்தூரிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, கூலிக்குப் புளி தட்டி என்னை வளர்த்தாள். அவள் விரல் இடுக்கெல்லாம் எப்போதும் கறுத்துக் கிடக்கும். மண்டியில் வேலை செய்த பெண்கள் சேர்ந்து, அந்த மாடத்தில் முழ உயரத்துக்கு ஒரு மண் மாதா சுரூபம் வாங்கி வைத்திருந்தார்கள். முனியம்மாள், தீர்த்தம்மாள் என்று இந்துப் பெண்களும் அதற்குப் பூ வைப்பார்கள். காலையில் முதல் மூட்டை பிரிக்கும் முன்னால் எல்லாரும் ஒரு நிமிஷம் அதன் முன் நிற்பார்கள்.

வேலை தொடங்கியபோது, அக்கா மறுபடி போய்க் குடியிருந்த கடத்தூருக்குப் போயிருந்தேன். அக்கா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மாதா இருந்த மாடத்த என்னடா பண்ணப் போறீங்க?"

"அப்பிடியேதான்க்கா இருக்கும். அத இடிக்க மாட்டேன். லைட்டு போட்டு, பட்டு கட்டி வெக்கப் போறோம்."

அவள் முகம் விரிந்ததைப் பார்த்தேன். அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாடத்தை இடிக்கவில்லை. விளக்குப் போட்டேன். பட்டும் கட்டினேன், பம்பாய்ப் பொம்மைக்கு. மண் சுரூபத்தைச் சாக்கில் சுற்றி, பிளைவுட்டுக்கும் பழைய சுவருக்கும் நடுவே அந்த ஒரு சாண் சந்தில் இறக்கிவிட்டிருந்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. வெளியே வைக்கவும் தைரியம் வரவில்லை.

பொம்மைக்கு நீலப் பட்டு. ஜரிகைக் கரை அதில்தான் எடுப்பாகத் தெரியும் என்று கிருஷ்ணப்பன் தேர்ந்தெடுத்தது. உடைந்த உச்சியை மறைக்க முந்தானையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து, இரண்டு தோளிலும் வழிய விட்டுக் குண்டூசி குத்தினேன். மாடத்துக்குள் போட்ட பல்பு வெளியே தெரியாமலிருக்க, அதைத் தலைக்கு நேர் பின்னே மாட்டினேன். சுவிட்சைப் போட்டுவிட்டுப் பத்தடி பின்னால் வந்து திரும்பிப் பார்த்தேன். தாழ்ந்த கண். நீட்டிய கைகள். நீல முக்காட்டைச் சுற்றி வெளிச்சம். என் வலது கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். நிறுத்திவிட்டு நான் நினைத்ததுதான் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது. சரியாக வந்துவிட்டது, எனக்கே கை போகிறதென்றால் வருகிறவர்களுக்குக் குரல் இறங்காமல் எங்கே போகும் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன்.

திறப்பு விழா அன்று அக்காவை நான் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்கு ஒரு காரணமும் தயாராக வைத்திருந்தேன், வெயில் என்று. அவளே வந்துவிட்டாள்.

பதினோரு மணி இருக்கும். மெத்தையில் சேலத்திலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு டாக்டரம்மா. கிருஷ்ணப்பன் நினைத்தபடியே எல்லாரும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அவரும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றோம். நான் அன்றைக்கு வெள்ளைப் பேண்ட்டும் டெர்லின் சட்டையும் போட்டிருந்தேன். வாசலில் அக்கா நின்றாள். வெளுத்த நூல் புடவை, கையில் பூப் பொட்டலம், இரண்டு மெழுகுவத்தி. காவலாள் தீர்த்தகிரி ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் செருப்பைப் படிக்குக் கீழே கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை. என்னைக்கூடப் பார்க்கவில்லை.

சிவப்புக் கம்பளத்தின் மேல் நேராக நடந்து போய், பொம்மைக்கு முன்னால் முழந்தாளிட்டாள். சிலுவை போட்டாள். கனகாம்பரத்தைப் பிரித்து அதன் காலடியில் வைத்தாள். கண்ணை மூடி, மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். சத்தமாகத்தான் சொன்னாள், கோவிலில் சொல்வது போல. கடையில் எல்லாப் பேச்சும் நின்றது. நடுவில் என் பேரும் வந்தது. தம்பி வேலை நல்லபடியா நடக்கணும் தாயே என்றாள். பேரைச் சொல்லிச் சொன்னாளா, தம்பி என்று மட்டும் சொன்னாளா என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம் உண்டு. என் காதில் பேர்தான் விழுந்தது.

கல்யாணப் பெண் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். "ஐயோ பாவம், சாமின்னு நெனச்சுடுச்சு" என்று யாரோ சொல்ல, மெத்தை முழுக்கச் சிரிப்பு ஓடியது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தார். அக்கா கண்ணைத் திறந்தாள். நிமிர்ந்து பொம்மையின் முகத்தைப் பார்த்தாள். உதட்டில் சாயம். புருவம் மையால் வரைந்தது. இடுப்பில் விலைச் சீட்டு தொங்கியது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் விலைச் சீட்டு எது என்று தெரியும்.

கிருஷ்ணப்பன் என் பக்கம் திரும்பி, "யாருய்யா அது? உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கும் சிரிப்புதான். அக்கா என்று நான் சொல்லியிருந்தால் அவர் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருப்பார் என்றுகூட எனக்கு இப்போது தோன்றுகிறது.

நான் சொன்னேன்: "இங்க புளி மண்டியில வேல செஞ்ச பொம்பளைங்க."

அதிலும் பொய்யில்லை.

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அவள் எழுந்து நின்றாள். முழங்காலில் கை ஊன்றி எழ அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாரும் சிரித்தபடி பார்த்திருக்க, நான் என் இடத்தில் நின்றேன். அவள் என்னைத் தாண்டி கிருஷ்ணப்பனைப் பார்த்து, "ஆமாங்க. மண்டியில வேல செஞ்சவதானுங்க. பழைய நெனப்புல தெரியாம வந்துட்டனுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் மூக்கைச் சிந்திவிட்டவள், தலையில் பேன் பார்த்தவள், டேய் கஸ்பாரு என்பதைத் தவிர வேறு விதமாக என்னைக் கூப்பிட்டறியாதவள். "மன்னிச்சுக்கங்க மேஸ்திரி. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. நான் வரனுங்க" என்றாள்.

எனக்காகத்தான் அந்த 'ங்க'. என்னைக் காட்டிக்கொடுக்காமலிருக்க. அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் டேய் என்று திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். நான் தலையை ஆட்டினேன். ஒரு பெரிய மனுஷன் மன்னித்து அனுப்புகிற மாதிரி ஆட்டினேன். மெழுகுவத்தி இரண்டையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, ஓரமாகவே நடந்து வெளியே போனாள். போகும்போது கம்பளத்தை மிதிக்கவில்லை.

நான் மாடத்தருகே போய்க் கனகாம்பரத்தை எடுக்கக் குனிந்தேன். கிருஷ்ணப்பன் பின்னாலேயே வந்தார். கொஞ்சம் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எடுக்காத கஸ்பாரு. நீலத்துக்கு அந்தப் பூ எடுப்பா இருக்குது பாரு. தெனமும் வெக்கச் சொல்லிடலாம்."

நான் எடுக்கவில்லை. வெளியே வந்தேன்.

படிக்குக் கீழே அவள் செருப்பு கிடந்தது. வேறு யாருடைய செருப்பும் அங்கே இல்லை. ஒன்றின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. தீர்த்தகிரி அதைக் காலால் சுவரோரம் தள்ளி வைத்திருந்தான். "அந்தம்மா அப்பிடியே ஓடிட்டாங்க சார். கூப்டேன், திரும்பல" என்றான். சித்திரை வெயில். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தார் ரோடு. நான் ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். பேண்ட்டும் சட்டையுமாக, கையில் பிய்ந்த செருப்போடு அந்தக் கடை வீதியில் ஓட எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் வெட்கப்பட்டேன். உள்ளே போய்ப் புடவை வைக்கிற அட்டைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, செருப்பைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் வைத்து மூடினேன். பெட்டி அழகான பெட்டி. மேலே தங்க எழுத்து. அந்த எழுத்தும் நான் தேர்ந்தெடுத்ததுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். அவள் இல்லை. கடத்தூர் பஸ் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது என்றார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். பலகைக்குப் பின்னால்தான் மாதா இருக்கிறது, தூக்கிப் போடவில்லை என்று சொல்லலாம் என்று தோன்றியது. இதுவும் உண்மைதானே என்று மனசு சொன்னபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாகிவிட்டது.

பக்கத்துச் சீட்டில் வயலுக்குப் போய்த் திரும்புகிற ஒரு அம்மா. பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தவள், இடம் கொடுக்கிற மாதிரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். ஒடசல்பட்டி தாண்டியதும் கேட்டே விட்டாள்.

"புதுசாத் தொறந்த பட்டுக்கடைங்களா?"

"ஆமாங்க."

"யாருக்குங்க?"

"எங்க அக்காவுக்குங்க" என்றேன். காலையில் சொல்லியிருக்க வேண்டிய சொல் அப்போதுதான் வாயில் வந்தது.

"குடுத்து வெச்ச மவராசி" என்றாள் அந்த அம்மா. பிறகு சங்கோஜத்தோடு, "நான் பட்டுத் தொட்டதே இல்லீங்க. ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்துடறேன்" என்றவள், அழுக்குப் பட்டுவிடக்கூடாதே என்று இரண்டு கைகளையும் தன் புடவையில் அழுத்தித் துடைத்துவிட்டு, உள்ளங்கைகளை என் முன்னால் நீட்டினாள்.